பாலர் நாடக சபைகளின் ஒத்திகைக்கூடமும் இளம் இசைக்கலைஞர் உருவாக்கமும்: சங்கரதாஸ் சுவாமிகளின் சபைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் செயற்பட்ட பாலர் நாடக சபைகள் நடிகர்களை உருவாக்கிய நிறுவனங்களாகவே பெரிதும் நோக்கப்பட்டுள்ளன. அவை இளம் இசைக்கலைஞர்களின் பயிற்சிக்களங்களாகவும் விளங்கின. ஒருவர் பாட்டுக்கு மற்றவர் செவிகொடுத்துச் சேர்ந்து பயின்ற ஒத்திகையே அப்பயிற்சியின் மையமாக இருந்தது என்பதையும், அதன் பயனும் அதற்குச் சிறுவர்கள் கொடுத்த விலையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாலர் நாடக சபை, சங்கரதாஸ் சுவாமிகள், ஒத்திகை, தர்க்கப் பாடல், மகரக்கட்டு, ஸ்பெஷல் நாடகம்.

முன்னுரை

தமிழகத்தில் இசைக்கல்வியின் வரலாறு பொதுவாகக் குருகுலம், இசைக்கல்லூரி என்னும் இரு நிறுவனங்களைச் சுற்றியே எழுதப்பட்டு வருகிறது. குருவின் இல்லத்தில் தங்கிப் பாடம் கேட்ட மரபு ஒருபுறமும், 1929-இல் சிதம்பரத்தில் தொடங்கப்பெற்ற இராஜா அண்ணாமலை இசைக்கல்லூரி போன்றவற்றின் பாடத்திட்ட மரபு மறுபுறமும் வைத்துப் பேசப்படுகின்றன. முறையால் வேறுபட்டாலும் நோக்கத்தால் இவ்விரண்டும் நெருங்கியவை. தனித்து மேடையேறிக் கச்சேரி செய்யவல்ல வித்துவானை உருவாக்குவதே இரண்டின் குறிக்கோளாகும்.

ஆயினும் அக்காலத் தமிழ் மக்கள் பெருந்திரளாகக் கூடிக் கேட்ட குரல்களுள் பல இவ்விரு வழிகளிலும் வந்தவை அல்ல. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933), ஔவை டி.கே. சண்முகம் (1912–1973), புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா (1916–1951) ஆகியோர் சிறுவயதிலேயே நாடக சபைகளில் சேர்ந்து, அங்கே பாடிப் பாடி வளர்ந்தவர்கள். இவர்களைப் ‘பிறவிக் கலைஞர்கள்’ என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. அப்புகழுரை ஒரு வினாவை மறைத்துவிடுகிறது: நெடுங்காலக் குருகுலவாசமும் கல்லூரிப் பாடத்திட்டமும் இல்லாத சூழலில் இச்சிறுவர்கள் இசையை எங்கே, எவ்வாறு கற்றனர்? அவர்கள் பெற்ற கல்வியின் அடிப்படை அலகு கீர்த்தனை அன்று, நாடகக் காட்சி. அதன் களம் குருவின் திண்ணை அன்று, ஒத்திகைக்கூடம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பாலர் சபை தோன்றிய சூழல்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். 1891-ஆம் ஆண்டளவில் நாடகத்துறைக்கு வந்து நடிகராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் அவர் பெற்ற லயப் பயிற்சி இங்கு நோக்கத்தக்கது. சந்தமும் தாளக்கட்டும் பிசகாத அவருடைய பாடல்களுக்கு அப்பயிற்சி அடித்தளமாயிற்று.

அக்கால நாடகக் குழுக்களில் வயதுவந்த நடிகர்கள் எழுதிய பாடத்தைப் பின்பற்றாமல் தத்தம் திறமையைக் காட்ட முற்பட்டனர். மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்குவதும், காட்சிக்குப் பொருந்தாத பாடல்களைப் பாடிக் கைதட்டல் பெறுவதும் வழக்கமாயிருந்தன. ஒழுங்கின்மையால் சலிப்புற்ற சுவாமிகள், பாடத்துக்குக் கட்டுப்படும் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்த விழைந்தார். 1910-இல் அவர் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில் கிட்டப்பா பயின்றார். 1918-இல் மதுரையில் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் தம் தந்தையாருடன் சேர்ந்தனர். ஜெகந்நாத ஐயரின் பால மீனரஞ்சனி சங்கீத சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி முதலியனவும் இக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டு இயங்கிய குழுக்களே.

ஒத்திகை ஒழுங்கு பாலர் சபைகளுக்கு மட்டும் உரியதன்று. 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையும் ஒத்திகையைப் பெரிதும் வற்புறுத்தியது. ஆனால் அதன் உறுப்பினர்கள் கல்வியும் அலுவலும் உடைய வயதுவந்தோர். அங்கே உரைநடை உரையாடல் முதன்மை பெற்றது. பாலர் சபைகளின் நாடகங்களிலோ கதை நகர்ந்ததே பாட்டால். ஆகவே அங்கு ஒத்திகை என்பது பெரும்பகுதி இசைப் பயிற்சியாகவே அமைந்தது.

ஒத்திகைக்கூடத்தில் இசைக்கல்வி

குருகுல மாணவர் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்னும் படிகளில் ஏறிக் கீர்த்தனையை அடைவார். பாலர் சபையில் சேர்ந்த சிறுவனுக்கு முதலில் கிடைத்தது ஒரு வேடத்துக்குரிய ‘பாடம்’. அதில் வசனம், விருத்தம், கீர்த்தனை, கண்ணி, சிந்து ஆகியன கலந்து வரும். எழுத்தறியாத சிறுவரும் வாத்தியார் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லி மனனம் செய்தனர். இராகத்தின் பெயரை அறிவதற்கு முன்பே, இன்ன இராகம் சோகத்துக்கு உரியது, இன்ன மெட்டு கோபத்துக்கு ஏற்றது என்னும் உணர்வு கதையின் வழியாக அவர்களுக்குப் படிந்தது.

சிறுவர்கள் கம்பெனி வீட்டில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, ஒரே கூடத்தில் பயின்றனர். இதன் விளைவு முக்கியமானது. ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை மற்றவர் அனைவரும் கேட்டனர். ராஜபார்ட்டின் விருத்தத்தை ஸ்திரீபார்ட் அறிவான். ஸ்திரீபார்ட்டின் புலம்பலைத் தோழி வேடம் புனையும் சிறுவனும் அறிவான். ஒருவன் நோயுற்றாலோ கம்பெனியை விட்டு நீங்கினாலோ மற்றொருவன் அவ்வேடத்தை ஏற்க இப்பொதுவறிவே வழிசெய்தது. பின்னாளில் யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்த சிவாஜி கணேசன், சீதை முதல் இந்திரஜித்து வரை பல வேடங்களை அடுத்தடுத்து ஏற்றமைக்கும் இத்தகைய பயிற்சிமுறையே அடிப்படை.

கற்பித்தலில் மூத்த சிறுவர்க்கும் பங்குண்டு. பாடம் நன்கு பதிந்தவன் பதியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் ஒத்திகையில் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். ஆர்மோனியக்காரரே பின்பாட்டும் பாடினார். சிறுவனின் குரல் தளரும் இடத்தில் தம் குரலால் தாங்கி, அவன் மீண்டதும் ஒதுங்கிக்கொண்டார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே உயர்ந்த சுருதியில், சொல் சிதையாமல் பாடும் பழக்கம் வற்புறுத்தப்பட்டது. நாடகமேடையில் வளர்ந்த பாடகர்களின் திறந்த குரலும் திருத்தமான உச்சரிப்பும் இத்தேவையிலிருந்து பிறந்தவை எனலாம்.

தர்க்கப் பாடலும் செவிப்பயிற்சியும்

கூட்டு ஒத்திகையின் இசைப்பயனை மிகத் தெளிவாகக் காட்டுவது தர்க்கப் பாடல். வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும், வேடன் உருவில் வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் இடையே நிகழும் வாதங்கள் இதற்கு நன்கறியப்பட்ட சான்றுகளாகும். ஒருவர் வினாவை ஓரடியில் பாட, மற்றவர் அதே மெட்டில், அதே தாளத்தில், விடையை உடனே எடுத்துப் பாடுவார்.

இவ்வடிவம் பாடுவோரிடம் மூன்று திறன்களைக் கோருகிறது. முதலாவது, எதிராளியின் சுருதியோடு தன் சுருதியை இணைத்துக்கொள்ளல். இரண்டாவது, அவர் விட்ட இடத்திலிருந்து தாளம் தவறாமல் எடுத்தல். மூன்றாவது, அவர் பாடியதன் பொருளுக்கு ஏற்பத் தன் பாவத்தை மாற்றிக்கொள்ளல். இம்மூன்றையும் தனித்திருந்து சாதகம் செய்து பெற இயலாது. எதிரே மற்றொரு குரல் வேண்டும். அக்குரல் நாள்தோறும் ஒன்றாகவே இராது என்பதையும் பழக வேண்டும். தோழன் வேகமாக எடுத்தால் காலப்பிரமாணத்தை நிலைநிறுத்தவும், அவன் மறந்தால் அவனுடைய அடியை நினைவூட்டித் தன் அடிக்கு வரவும் சிறுவர்கள் கற்றனர். மேடைத் துணிவு என்று பொதுவாகச் சுட்டப்படுவதன் உள்ளடக்கம் பெரும்பாலும் இத்தகைய செவிக்கூர்மையே.

குரலுக்கேற்ற பாடல்

சிறுவர்கள் பாடத்துக்குக் கட்டுப்பட்டனர் என்பது உண்மையின் ஒரு பாதி; பாடமும் சிறுவர்களுக்கேற்ப வளைந்தது என்பது மறுபாதி. சிறுவன் சண்முகத்தின் திறனைக் கண்ட சுவாமிகள், அவனுக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடல்களும் உரையாடல்களுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. இது சுவாமிகளின் கவித்திறனுக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. பயிற்சி வரலாற்று நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. ஆசிரியர் மாணவனின் குரலை நாள்தோறும் ஒத்திகையில் கேட்டுவந்தார். அதன் எல்லையையும் ஆற்றலையும் அறிந்திருந்தார். அந்த அறிவின்மேல் நின்று, அவன் இன்று பாடவல்லதற்குச் சற்று மேலான ஒன்றைப் படைத்துக் கொடுத்தார். ஒத்திகைக்கூடம் ஆசிரியரையும் பயிற்றுவித்தது எனில் அது மிகையன்று.

மகரக்கட்டு: பயிற்சியின் விலை

இக்கல்வியைப் பொற்காலமாகச் சித்திரித்து நிறுத்திவிடுவது வரலாறாகாது. கம்பெனி ஒரு வணிக நிறுவனம். சிறுவனின் குரல் அதன் முதலீடு. வறுமையால் பெற்றோர் பிள்ளைகளைக் கம்பெனியில் விட்டனர். இரவு முழுதும் நாடகம், பகலில் ஒத்திகை, ஊர்விட்டு ஊர் பயணம் என அமைந்த வாழ்வில் உறக்கமும் பள்ளிக்கல்வியும் அரிதாயின. கண்டிப்பு அடியாகவும் இறங்கியது.

இவற்றினும் கொடியது பருவமாற்றத்தில் குரல் உடைதல். நாடக உலகம் இதனை மகரக்கட்டு என்று அழைத்தது. நேற்றுவரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கொட்டகையை நிறைத்த சிறுவன், குரல் பிசிறத் தொடங்கியதும் சிறுவேடத்துக்கு இறங்கினான். அல்லது கம்பெனியை விட்டே நீங்கினான். உடையும் குரலை ஓய்வில் வைத்துக் காக்கும் பொறுமை வணிகத்துக்கு வாய்ப்பதில்லை. மற்றவர் பாடங்களையும் கேட்டறிந்தவன், நகைச்சுவை வேடத்துக்கோ ஆர்மோனியத்துக்கோ பயிற்றுநர் பணிக்கோ மாறித் தப்பிக்க இயன்றது. டி.கே.எஸ். சகோதரர்களுள் ஒருவரான முத்துசாமி பின்னாளில் தம் குழுவின் இசையமைப்புப் பொறுப்பை ஏற்றமை, கம்பெனிக் கல்வி நடிப்புக்கு அப்பாலும் பயன்பட்டதற்கு எடுத்துக்காட்டாகும்.

இவ்விடத்தில் சான்றுகளின் இயல்பைக் கருத வேண்டும். 1972-இல் வெளிவந்த டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ இத்துறைக்கு இன்றியமையாத நூல். ஆனால் தன்வரலாறு எழுதும் வாய்ப்பு மகரக்கட்டைக் கடந்து வென்றவர்களுக்கே கிட்டியது. குரலோடு வாழ்வாதாரத்தையும் இழந்து ஊர் திரும்பிய சிறுவர்கள் தம் கதையை எழுதவில்லை. வென்றவர்களின் நினைவுகளை மட்டும் கொண்டு கம்பெனிக் கல்வியின் பயனை அளவிடும் ஆய்வு, தன் அளவுகோலையே ஐயுற வேண்டியதாகும்.

ஒத்திகையற்ற மேடையும் ஒத்திகையின் எச்சமும்

சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் பயிற்றுவித்த மாணவர்கள் பல குழுக்களுக்குப் பரவினர், டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் தம் சொந்தச் சபையைத் தொடங்கினர். இதே காலத்தில் ஸ்பெஷல் நாடகம் செல்வாக்குப் பெற்றது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் முன் ஒத்திகை ஏதுமின்றி ஒரே மேடையில் கூடி நடித்துப் பிரியும் முறை இது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து பாடிய நாடகங்கள் இம்மேடையின் புகழை உச்சத்துக்குக் கொண்டுசென்றன.

மேலோட்டமாக நோக்கின் இது ஒத்திகை மரபின் முடிவாகத் தோன்றும். உண்மையில் அம்மரபு பரவியதன் விளைவே இது. சுவாமிகளின் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களின் பாடல் வரிசையும் மெட்டுகளும் நடிகர்க்குப் பொதுச்சொத்தாகியிருந்தன. முன்பின் அறியாத இருவர் மேடையில் சந்தித்துத் தர்க்கப் பாடலைத் தடையின்றி நடத்த அதனால் இயன்றது. ஓராண்டு ஒரு கூடத்தில் பழகிய செவி, பிற்காலத்தில் எந்தக் கூடத்திலும் பயன்பட்டது.

முடிவுரை

பாலர் நாடக சபைகளின் ஒத்திகைக்கூடம் தமிழ் இசைக்கல்வி வரலாற்றில் தனியிடம் பெறவேண்டிய நிறுவனம். காட்சியை அலகாகக் கொண்டமை, அனைவரும் அனைத்துப் பாடமும் கேட்டமை, மூத்தோர் இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தமை, எதிர்க்குரலுக்குச் செவிகொடுக்கப் பழக்கியமை ஆகியன அதன் வலிமைகள். சிறுவனின் குரலை வணிகப்பொருளாக்கி, அது உடைந்தபோது அவனைக் கைவிட்டமை அதன் பெருங்குறை. வலிமையைப் போற்றுவோர் குறையை மறைத்தலும், குறையைச் சுட்டுவோர் வலிமையைப் புறக்கணித்தலும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கவை.

இன்றைய இசைப் பயிற்சியில் மாணவர் பெரும்பாலும் தனித்துப் பாடியே மதிப்பிடப்படுகின்றனர். சேர்ந்து பாடுதல் பெரும்பாலும் ஆண்டுவிழாவுக்குரிய நிகழ்ச்சியாகவே எஞ்சியுள்ளது. வாழ்வாதார அச்சுறுத்தலும் அடியும் இல்லாத சூழலில், கூட்டு ஒத்திகையை அன்றாடப் பயிற்சியின் பகுதியாக்க இவ்வரலாறு வழிகாட்டக்கூடும். அதற்கு முன், நாடகப் பதிப்புகளில் உள்ள இராக, தாள, மெட்டுக் குறிப்புகளையும் இசைத்தட்டுகளில் எஞ்சியிருக்கும் குரல்களையும் இணைத்து ஆராயும் பணி காத்திருக்கிறது. அதனோடு, நூலாகாமற்போன சிறுவர்களின் வாழ்வைத் தேடுவதும் ஆய்வாளர்களின் கடமையாகும்.