லேபிளில் இல்லாத பெயர்

அமெரிக்காவை உருவாக்கிய பெருந்தலைகளின் பெயரை அங்கே எதற்கு வேண்டுமானாலும் வைப்பார்கள். ஊருக்கு வாஷிங்டன், பள்ளிக்கூடத்துக்கு ஜெஃபர்சன், ரோட்டுக்கு மேடிசன். பாஸ்டனின் சாமுவேல் ஆடம்ஸ் பீர் பிராண்ட் இதில் ஒரு படி மேலே. அதன் பெயரே ஒரு விடுதலைப் போராட்டத் தலைவருடையது. போதாது என்று 2006-ல் நாலு வகை பீரை ஒரு வரிசையாகக் கொண்டு வந்தார்கள். வாஷிங்டன் பெயரில் ஒரு கறுப்பு போர்ட்டர். மேடிசன் பெயரில் ஒரு கோதுமை ஏல். 1790 என்று வருஷம் போட்ட ஒரு ரூட் பீர். நாலாவதாக, இஞ்சியும் தேனும் சேர்த்துக் காய்ச்சிய ஓர் ஏல். ‘தேசத்தின் ஸ்தாபகர்கள் காலத்து பீர் இப்படித்தான் இருந்திருக்கும்’ என்பது ஐடியா.

அந்த நாலாவது ரகத்தில் ஒரு பாட்டில் சென்னை வரைக்கும் வந்து சேர்ந்தது. அங்கே வேலை பார்த்த கல்லூரி நண்பன், பெட்டிக்குள் டர்க்கி டவலைச் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்தான். பாட்டில் ஒன்று, ஆள் நாலு. எவர்சில்வர் டம்ளரில் தீர்த்தம் மாதிரி பங்கு பிரித்தோம். (குடி குடியைக் கெடுக்கும். இந்த வரியைச் சேர்க்காவிட்டால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது!)

தேன் என்றதும் நாக்கு தித்திப்புக்குத் தயாராகிவிடும் அல்லவா? ம்ஹூம். முதலில் மூக்கில் இஞ்சி ஏறியது. அப்புறம் வறுத்த ரொட்டி வாசனை. தித்திப்பு சும்மா எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. கடைசியில் தொண்டையில் ஒரு காரம். ‘சுக்குக் கஷாயத்துல சோடா ஊத்தின மாதிரி இருக்குடா’ என்றான் ஒருத்தன். மோசமில்லை, ஆனால் இன்னொரு டம்ளர் கேட்கத் தோன்றவில்லை.

தேன் ஏன் தித்திக்கவில்லை? விஷயம் சிம்பிள். தேனில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி எளிதில் கரைந்து நொதிக்கிற ரகம். ஈஸ்ட் அதை ஏறக்குறைய மிச்சம் வைக்காமல் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். மால்ட் அப்படி இல்லை. அதில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத மாவுச்சத்து கொஞ்சம் தங்கும். பீருக்குக் கனம் தருவது அதுதான். தேன் போட்ட பீர் லேசாக, உலர்ந்த மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுவே.

சரி, அந்தக் காலத்து அமெரிக்கர்கள் இஞ்சிக்கும் தேனுக்கும் ஏன் போக வேண்டும்? ருசிக்காக மட்டும் இல்லை, தட்டுப்பாடு. குடியேற்றக் காலத்தில் நல்ல மால்ட், கப்பலில் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். விலை அதிகம். பல இடங்களில் பார்லி சரியாக விளையவில்லை. ஆகவே கையில் கிடைத்ததையெல்லாம் அண்டாவில் போட்டார்கள். கரும்புப் பாகின் கசடான மொலாஸஸ், பூசணிக்காய், பெர்சிமன் பழம், ஸ்ப்ரூஸ் மரத்துக் கொழுந்து, இஞ்சி, தேன். வாஷிங்டன் 1757-ல், ராணுவ கர்னலாக இருந்தபோது, தன் நோட்டில் எழுதி வைத்த ‘சின்ன பீர்’ குறிப்பில்கூட மொலாஸஸ்தான் பிரதானம். சின்ன பீர் என்றால் ஆல்கஹால் குறைவான, தினமும் குடிக்கிற பீர். கொதிக்க வைத்துச் செய்வதால் கிணற்றுத் தண்ணீரைவிட நம்பிக்கையானது. அந்த நோட்டு இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.

இந்த அண்டாவில் நமக்கும் ஒரு துளி பங்கு உண்டு. இங்கிலீஷ்காரன் ‘ஜிஞ்சர்’ என்று சொல்லும் வார்த்தை லத்தீன், கிரேக்கம், பிராகிருதம் என்று பின்னோக்கிப் போய், கடைசியில் ‘இஞ்சி வேர்’ என்கிற நம்ம திராவிட வார்த்தையில் வந்து நிற்கிறது என்பது மொழி ஆராய்ச்சியாளர்கள் முடிவு. ஆசியாவின் இஞ்சியை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். தேனீயும் வெளியூர்தான். ஐரோப்பியத் தேனீ 1622-ல் கப்பலில் வர்ஜீனியாவில் வந்து இறங்கியது. பூர்வகுடிகள் அதை ‘வெள்ளைக்காரனின் ஈ’ என்று அழைத்ததாகத் தாமஸ் ஜெஃபர்சன் தன் வர்ஜீனியா நூலில் பதிவு செய்திருக்கிறார். கரீபியத்தில் கரும்பும் இஞ்சியும் யார் கையால் விளைந்தன? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் கையால். ஆக, டம்ளருக்குள் மூன்று கண்டம்!

ஜெஃபர்சன் பெயர் வந்துவிட்டது. கதையே இனிமேல்தான்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த சரித்திரத்தைப் படித்தாலும் கணக்குப் புத்தகம் எங்கே என்று தேடுவான். ஜெஃபர்சன் வீட்டில் அது ஏராளம். மனுஷன் தினசரி செலவைக்கூட எழுதி வைத்தவர். அவர் மனைவி மார்த்தாவும் லேசுப்பட்டவர் இல்லை. 1772-ல் கல்யாணமாகி, வர்ஜீனியாவில் மலை மேல் இருந்த மான்டிசெல்லோ வீட்டுக்கு வந்தவர், உடனே பீர் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 15 காலன் சின்ன பீர். ஒரு பழைய சட்டையைக் கொடுத்து 7 பவுண்ட் ஹாப்ஸ் வாங்கியதாகவும் ஒரு பதிவு. நம்ம ஊரில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்குவோமே, அதே பிசினஸ்தான்.

மார்த்தா 1782-ல் இறந்துபோனார். ஜெஃபர்சன் வெளியுறவு அமைச்சர், துணை ஜனாதிபதி, அப்புறம் 1801-லிருந்து 1809 வரை ஜனாதிபதி என்று ஒரு ரவுண்டு வந்துவிட்டு ஊர் திரும்பினார். அந்த நேரம் பார்த்து 1812-ல் பிரிட்டனோடு மறுபடி யுத்தம். ஜோசப் மில்லர் என்ற கேப்டன், ஏதோ குடும்பச் சொத்து விவகாரமாக அமெரிக்கா வந்தவர், வசமாக மாட்டிக்கொண்டார். இங்கிலாந்தில் வளர்ந்த ஆள் என்பதால் கடற்கரை ஊரில் இருக்க அனுமதி இல்லை. மான்டிசெல்லோ இருக்கும் பக்கமாக உள்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனுஷருக்கு என்ன தொழில் தெரியும்? பீர் காய்ச்சத் தெரியும்!

ஜெஃபர்சன் விடுவாரா? 1813-ல், தன் 70 வயதில், மான்டிசெல்லோவில் முறையாக பீர் காய்ச்ச ஏற்பாடு செய்தார். மில்லர்தான் வாத்தியார். மாணவர்? பீட்டர் ஹெமிங்ஸ். வயது 43. ஜெஃபர்சனின் அடிமை.

யார் இந்த பீட்டர்? அம்மா எலிசபெத் ஹெமிங்ஸ், ஓர் அடிமைப் பெண். அப்பா, மார்த்தாவைப் பெற்ற ஜான் வெய்ல்ஸ் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்த்தாவுக்கு பீட்டர் ஒன்றுவிட்ட தம்பிகூட இல்லை, ஒரே தகப்பனுக்குப் பிறந்த தம்பி. நம்ம ஊர் முறைப்படி ஜெஃபர்சனுக்கு மச்சினன்! மாமனார் செத்ததும் நிலம், கடன் எல்லாவற்றோடும் சேர்ந்து இந்த மச்சினனும் சொத்தாக ஜெஃபர்சன் பெயருக்கு மாறினார்.

பீட்டரின் அண்ணன் ஜேம்ஸ், பாரிஸில் பிரெஞ்சு சமையல் கற்றவர். ‘உன் இடத்துக்கு ஓர் ஆளைப் பழக்கிவிட்டுப் போ, விடுதலை தருகிறேன்’ என்று 1793-ல் அவரிடம் எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்டார் ஜெஃபர்சன். ஜேம்ஸ் பழக்கிவிட்ட ஆள், தம்பி பீட்டர். 1796-ல் அண்ணன் விடுதலையாகிப் போக, தம்பி அடுப்படியில் நின்றார். அண்ணனின் விடுதலைக்குத் தம்பிதான் ஈடு. அதன் பிறகு 1809 வரை மான்டிசெல்லோவின் சமையல்காரர். அப்புறம் தையலும் செய்தார். இப்போது பீர்.

பீர் காய்ச்சுவதில் கஷ்டமான கட்டம் கொதிக்க வைப்பது அல்ல. மால்ட் தயாரிப்பதுதான். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து மாவு அரைக்கிறார்களே, அதே வேலைதான். முளை கொஞ்சம் வளர வேண்டும், அதிகம் வளர்ந்தால் சத்தெல்லாம் முளைக்கே போய்விடும். எப்போது நிறுத்துவது, எவ்வளவு சூட்டில் காயவைப்பது என்பதெல்லாம் கை சொல்ல வேண்டும். மான்டிசெல்லோவில் பார்லி பயிரிடவில்லை. ஆகவே பீட்டர் கோதுமையையும் பிறகு மக்காச்சோளத்தையும் முளைகட்டினார்.

பீர் பிரமாதமாக வந்தது. அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் ருசி பார்த்தார்கள். கடிதங்கள் பறந்தன. அந்தக் கடிதங்களைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1815-ல், பீர் தொழில் பற்றிப் புத்தகம் எழுதிய ஜோசப் காப்பிஞ்சர் என்பவருக்கு ஜெஃபர்சன் எழுதுகிறார். குடும்பத் தேவைக்காகத் தான் பீர் தயாரிப்பாளராகிவிட்டதாகவும், முதல் தரமான ஓர் இங்கிலீஷ் நிபுணர் ‘தன் ஆட்களில் ஒருவருக்கு’ச் சொல்லிக் கொடுத்ததாகவும் சொல்கிறார். பீர் தயாரிப்பாளர் யார்? ஜெஃபர்சன். பீட்டர் யார்? ஆட்களில் ஒருவர். அதே வருஷம் மில்லருக்கு எழுதும்போது மட்டும், பீட்டர் காய்ச்சியது அருமையாக இருக்கும் போலிருக்கிறது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். நேரில் தெரிந்தவரிடம் பெயர் உண்டு. வெளி ஆளிடம் கிடையாது.

1820-ல் மேடிசனுக்கு ஒரு கடிதம். உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள், இலையுதிர் காலத்தில் 60 காலன் பீப்பாய் மூன்று அடுத்தடுத்துக் காய்ச்சுவோம், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும், எங்கள் பீர்காரர் அசாதாரண புத்திசாலி, சொல்லிக் கொடுக்கவும் தெரிந்தவர் என்கிறார். 60 காலன் என்றால் சுமார் 227 லிட்டர். ஆக, நேற்றைய மாணவர் இன்று வாத்தியார். ஜனாதிபதியாக இருந்த ஒருவர், ஜனாதிபதியாக இருந்த இன்னொருவருக்கு சிபாரிசு செய்கிற அளவுக்கு நிபுணர். சம்பளம்? அடிமைக்கு ஏது சம்பளம்!

1821-ல் ஜேம்ஸ் பார்பர் என்கிற அரசியல்வாதி, ரெசிபி அனுப்ப முடியுமா என்று கேட்டார். என்னிடம் ரெசிபி இல்லை, குறிப்பைப் பார்த்து மால்ட் தயாரித்து பீர் காய்ச்சிவிட முடியுமா என்பதே சந்தேகம்தான் என்று பதில் எழுதினார் ஜெஃபர்சன். கற்றுக்கொண்டவருக்குப் புத்திசாலித்தனமும் கவனமும் அவசியம் என்றும் சொல்கிறார்.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மழை, காற்று, பட்டாணி விளைந்த தேதி வரைக்கும் எழுதி வைத்த மனுஷன். ஆனால் பீர் ரெசிபி மட்டும் அவர் நோட்டில் இல்லை. எப்படி இருக்கும்? அது பீட்டரின் கையில் அல்லவா இருந்தது! இன்றைக்கு ஜெஃபர்சன் பெயரில் எந்தக் கம்பெனி பீர் போட்டாலும், இஞ்சி போட்டாலும் தேன் போட்டாலும், அது அந்தக் காலத்து மாதிரி ஒன்றே தவிர மான்டிசெல்லோவின் பீர் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி. 2011-ல் வெள்ளை மாளிகையின் சமையற்கட்டில் தேன் சேர்த்து பீர் காய்ச்சினார்கள். தேன், மாளிகைத் தோட்டத்துத் தேன்கூட்டிலிருந்து எடுத்தது. உபகரணத்துக்கான காசைத் தன் பாக்கெட்டிலிருந்து கொடுத்தவர் அன்றைய ஜனாதிபதி பராக் ஒபாமா. ரெசிபியைக் கேட்டு ஜனங்கள் மனுப் போட, 2012 செப்டம்பரில் அளவு, நேரம் எல்லாம் போட்டு வெளியிட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் காய்ச்சிப் பார்க்கலாம். அமெரிக்காவின் முதல் கறுப்பின ஜனாதிபதியின் வீட்டு பீருக்குக் காகிதம் இருக்கிறது. மூன்றாவது ஜனாதிபதியின் வீட்டுக் கறுப்பின நிபுணருடைய பீருக்கு இல்லை.

ஆனால் பீட்டர் பெயர் இன்னொரு காகிதத்தில் இருக்கிறது.

1826 ஜூலை 4-ம் தேதி ஜெஃபர்சன் இறந்தார். சுதந்திரப் பிரகடனத்துக்குச் சரியாக 50 வருஷம் முடிந்த நாள். எல்லா மனிதர்களும் சமம் என்று அதில் எழுதியவரும் அவர்தான். விட்டுப்போன கடன் 1 லட்சம் டாலருக்கும் மேல். உயிலில் ஐந்து அடிமைகளுக்கு விடுதலை கொடுத்திருந்தார். அந்த ஐந்தில் பீட்டர் இல்லை. சமையல், தையல், பீர் என்று வாழ்நாள் பூராவும் உழைத்தவர் ஏலப் பட்டியலுக்குப் போனார்.

1827 ஜனவரி. குளிரில், மான்டிசெல்லோவிலேயே ஏலம். மரச்சாமான், மாடு, தானியம், கூடவே சுமார் 130 மனிதர்கள். அப்பா ஒருவனிடம், பிள்ளை ஒருவனிடம் என்று குடும்பங்கள் சிதறின. பீட்டருக்கு அப்போது ஏறக்குறைய 57 வயது. ஏற்கெனவே சுதந்திர மனிதராக இருந்த உறவினர் ஒருவர் அவரை ஏலத்தில் எடுத்தார். விலை, ஒரே ஒரு டாலர்.

வேறு யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த உறவினர் பீட்டரை வாங்கியது வேலை வாங்குவதற்காக அல்ல. அதன் பிறகு பீட்டர் சார்லட்ஸ்வில் ஊரில் சுதந்திர மனிதராக, தையல்காரராக வாழ்ந்தார். தைத்த துணிக்கு இப்போது கூலி அவருக்கே.

அக்கவுன்டன்ஸி வகுப்பில் ‘குட்வில்’ என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு தொழிலின் நல்ல பெயருக்குப் போடுகிற மதிப்பு. தொழிலை நடத்தியவர் போன பிறகும் அந்தப் பெயர் சம்பாதித்துக் கொடுக்கும் என்பது அதன் லாஜிக். ஜெஃபர்சன் பெயரும் வாஷிங்டன் பெயரும் இருநூறு வருஷம் கழித்தும் பாட்டிலை விற்றுக் கொடுக்கின்றன. பீட்டர் ஹெமிங்ஸின் கைப்பக்குவத்துக்கு அன்றைக்கு ஏலக்காரர் எழுதிக்கொண்ட மொத்த மதிப்பு ஒரு டாலர். அதில் பீருக்கு எவ்வளவு, சமையலுக்கு எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.