ருஷ்ய நடனப் பள்ளியின் ஆசான்கள்

நடனக் கலையில் ருஷ்யருக்கு நிகர் ருஷ்யரே என்று உலகம் ஒப்புக்கொண்டு நெடுங்காலமாகிறது. அவ்வாறு ஒப்புக்கொண்டோர் அதற்குக் காரணம் கூறப் புகுங்கால், அஃது அவர்தம் இரத்தத்தில் ஊறியது என்றும், அந்நாட்டு மண்ணின் இயல்பு என்றும், பிறவியிலேயே வாய்த்த வரம் என்றும் பேசி முடித்துவிடுகின்றனர். ஒரு கலையைப் பிறப்போடு பிணைத்துப் பேசும் பேச்சு நம்மவர்க்குப் புதியதன்று. ஆகலின், ‘பாலே’ எனப்படும் அந்த மேனாட்டு நடனம் ருஷ்யாவில் வேரூன்றிய வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம். அவ்வரலாற்றின் பெரும்பகுதி ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றனுள் அடங்கியுள்ளது.

அப்பள்ளி 1738-ஆம் ஆண்டு, அன்னா சக்கரவர்த்தினியின் ஆணையால் தோன்றிற்று. ஆணையை வேண்டிப் பெற்றவர் ழான் பாப்டிஸ்ட் லாண்டே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் அதற்கு முன்னரே அந்நகரத்துப் படைமாணவர் கல்லூரியில் பிரபுக்களின் மைந்தர்க்கு நடனம் பயிற்றி வந்தார். ஆயின், பிரபுக்களின் பிள்ளைகள் மேடையேறி ஆடிப் பிழைக்க முன்வருவார்களோ? வாரார். எனவே, புதிய பள்ளியிற் சேர்க்கப்பட்டோர் 12 சிறுவரும் 12 சிறுமியருமாகிய 24 குழந்தைகள். அரண்மனை ஏவலாளரின் மக்கள். அரண்மனையின் சில அறைகளே அவர்களுக்கு வகுப்பறைகளாயின.

ஈண்டு ஒன்று நோக்குக. ருஷ்ய நடனத்தின் முதல் தலைமுறை மாணாக்கர்க்குக் குலப்பெருமை இல்லை. அவர்தம் முதலாசிரியர்க்கோ ருஷ்ய இரத்தமே இல்லை. கற்பிப்பார் ஒருவரும் கற்பார் சிலரும் இருந்தனர், அவ்வளவே.

லாண்டேக்குப் பின் வியன்னாவிலிருந்து ஹில்வெர்டிங்கும், இத்தாலியராகிய ஆஞ்ஜியோலினியும் அங்கு வந்து தொண்டாற்றினர். 1794-இல் வால்பெர்க் என்னும் ருஷ்யர், அப்பள்ளியிற் பயின்றவரே, அங்கு ஆசிரியரானார். எனினும், பள்ளியின் போக்கை மாற்றிய முதற் பேராசான் 1801-இல் வந்த ஷார்ல் டிடெலோ ஆவார். இவர் பிறந்தது ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில். பெற்றோர் பிரெஞ்சு நடனக்காரர். கற்றது பாரிஸில், ஓகுஸ்த் வெஸ்திரி முதலானோரிடம். கையிற் கோலோடு வகுப்பிற்கு வருவார். அக்கோல் தரையைத் தட்டியதோடு நில்லாது, பிள்ளைகளின் கால்களையும் தட்டும். இன்று எவரும் அம்முறையை ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. ஆயினும், மாணாக்கரின் காலசைவு ஒவ்வொன்றையும் ஒழுங்குபடுத்தி, கதையை உடலாற் சொல்லும் வித்தையை அவர்க்குப் புகட்டியவர் அவரே. மகாகவி பூஷ்கின் தம் காவியத்திற் பாடிய இஸ்தோமினா என்னும் நடனமாது டிடெலோவின் மாணவி. இத்தகைய ஆசானுக்கு நேர்ந்த முடிவு யாது? 1829-இல், நாடகசாலை அதிகாரியாயிருந்த இளவரசர் ககாரின், இடைவேளை நேரம் பற்றி எழுந்த ஒரு பிணக்கில் அவரைக் கைது செய்வித்தார். மானமுள்ள அம்மனிதர் பதவியை விட்டகன்றார். அறுபது வயதைக் கடந்த ஆசானை அடைத்துவைக்க ஓர் அதிகாரிக்கு அரை நாழிகை போதுமாயிருந்தது.

1836-இல் பள்ளி, ரோஸி என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த வீதிக்குக் குடிபெயர்ந்தது. அவ்வீதியின் நீளம் 220 மீட்டர், அகலம் 22, இருமருங்கும் உள்ள மாளிகைகளின் உயரமும் 22. பார்ப்போர் வியப்பர். ஆனால், நடனத்தைக் கட்டடம் கற்பிப்பதில்லையாதலின், நாம் அதனைக் கடந்து உள்ளே செல்வோம்.

உள்ளே, பிடிலைக் கையிலேந்தி, நரம்புகளை விரலால் மீட்டித் தாளங்காட்டியபடி ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். அவர் பெயர் கிறிஸ்தியன் யொஹான்ஸன். ஸ்டாக்ஹோமில் 1817-இற் பிறந்தவர். டென்மார்க் நாட்டின் பெரும் நடன ஆசான் பூர்நொன்வில் என்பாரிடம் பயின்றவர். 1841-இல் ருஷ்யா புகுந்து, மேடையில் ஆடி, பின்னர் ஆசிரியராகி, 1903-இல் மரணம் வரும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். அவருடைய ஆசான் பூர்நொன்விலோ, பாரிஸில் வெஸ்திரியிடம் கற்றவர். டிடெலோ கற்றதும் அதே வெஸ்திரியிடந்தான் என்பதை நேயர்கள் மறந்திரார். ஓர் ஊற்றிற் புறப்பட்ட நீர், ஒரு கால் நேரே வந்தும், மறுகால் டென்மார்க்கைச் சுற்றி வந்தும், பீட்டர்ஸ்பர்க்கில் ஒன்று கலந்தது. ருஷ்ய முறை என்பது பிரெஞ்சு முறையே. பிரெஞ்சுக்காரர் அதனை மறந்துவிட்டனர், நாம் மறக்கவில்லை என்று யொஹான்ஸன் சொல்வாராம். ‘நாம்’ என்று சொன்னவர் ஸ்வீடன்காரர் என்பதுதான் சுவை!

மாரியஸ் பெதிபாவைப் பற்றி விரித்துரைத்தல் மிகை. மார்ஸேல் துறைமுகத்திற் பிறந்து, 1847-இல் ருஷ்யாவுக்கு வந்து, அறுபதாண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்தும் ருஷ்ய மொழியைச் செம்மையாகப் பேசக் கல்லாத அவரே, 1890-இல் ‘உறங்கும் அழகி’யையும், 1895-இல் லெவ் இவானவுடன் ‘அன்னத் தடாக’த்தின் புதிய ஆட்டத்தையும் அமைத்தவர். அவருடைய தந்தை ழான் பெதிபாவும் இப்பள்ளியில் ஆசிரியராயிருந்தார்.

இத்தனையும் இருந்தும் ஒரு குறை எஞ்சி நின்றது. 1893-இல் பியரினா லென்யானி என்னும் இத்தாலிய மாது பீட்டர்ஸ்பர்க் மேடையில், ஒற்றைக் காலின் விரல் நுனியில் நின்று 32 முறை இடைவிடாது சுழன்றாள். அவையோர் திகைத்தனர். ருஷ்யப் பெண்களின் ஆட்டத்தில் நளினம் இருந்தது. அந்த வலிமை இல்லை. வலிமையைக் கற்பிக்க ஒருவர் அங்கேயே இருந்தார். அவர் ரோம் நகரிற் பிறந்த என்ரிகோ செக்கெத்தி. மிலான் நகரத்துப் பெரும் ஆசான் பிளாஸிஸின் மாணாக்கராகிய லெப்ரியிடம் கற்றவர். 1892 முதல் 1902 வரை இப்பள்ளியிற் பயிற்றினார். திங்கட்கு ஒரு பயிற்சி, செவ்வாய்க்கு ஒன்று என வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் முறை வகுத்து, தசை ஒன்றேனும் சோம்பாதவாறு பயிற்றுவது அவர் வழக்கம். பிரெஞ்சு நளினத்தில் ஊறியவர்கள் இதனை வெறும் கழைக்கூத்து என்று இகழ்ந்தனர். ஆயினும், இகழ்ந்தோருள் விவேகிகள் அவர் வகுப்பின் வாயிலிற் போய் நின்றனர்.

அன்னா பாவ்லோவா அவ்விருமரபும் சேர்ந்து ஈன்ற செல்வம். வண்ணாரத் தொழில் செய்து பிழைத்த தாயின் மகள். மெலிந்த குழந்தை என்று முதன்முறை பள்ளியாரால் திருப்பி அனுப்பப்பட்டவள். 1891-இல் சேர்ந்து, 1899-இல் தேறி வெளிவந்தாள். பின்னர் உலகெங்கும் ஆடிச் சென்றபோது, 1920-களின் இறுதியில், ருக்மிணி தேவியைச் சந்தித்தாள். அவ்வம்மையார் பாலே கற்க விரும்பவே, பாவ்லோவா குழுவின் கிளியோ நார்டி பாடஞ்சொன்னார். ஆயின், உன் நாட்டுக் கலையை நீ தேடு என்பதே பாவ்லோவா கூறிய அறிவுரை. தேடல் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டு சேர்த்தது. 1936-இல் சென்னையிற் கலாக்ஷேத்திரம் எழுந்தது. பாவ்லோவாவின் ஆசான்கள் யார் யார் என்று மேனாட்டார் நூல் எழுதிவைத்துள்ளனர். பந்தநல்லூர் ஆசானுக்கு முன்னிருந்த ஆசான்களையும், இழிவு சுமந்தும் அக்கலையைக் கைவிடாத பெண்டிரையும் நம்மில் எத்தனை பேர் பெயர் சொல்லி அறிவர்?

இவ்வளவு புகழ்ந்தபின் அப்பள்ளியின் இருளை மறைத்தல் நேர்மையன்று. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, சிறையொத்த காவலில் வளர்ந்தனர். வெளிவந்த பின்னரும் அவர்கள் அரசரின் ஊழியரே. 1905-இல், நாடு முழுதும் கிளர்ச்சி பரவியபோது, பாவ்லோவாவும் கார்ஸாவினாவும் ஃபோகினும் முன்னின்று, தம்மைத் தாமே ஆளும் உரிமை வேண்டும் என்று கலைஞரைத் திரட்டினர். அரசாங்கம் விசுவாச உறுதிமொழியில் ஒப்பம் கேட்டது. ஒப்பமிட்ட செர்கேய் லெகாத் என்னும் இளம் ஆசிரியர், தோழரைக் கைவிட்டோமே என்னும் துயரால் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டு மாண்டார்.

1917-இற் புரட்சி வந்தது. சக்கரவர்த்திகள் போயினர்; அவர்கள் வளர்த்த நடனமும் போகட்டும் என்று சிலர் முழங்கினர். கல்வி மந்திரியாயிருந்த லூனச்சார்ஸ்கி அதனைக் காத்து நின்றார். ஆனால், மந்திரி காத்தால் மட்டும் போதுமோ? ஆசான்களிற் பலர் நாட்டைவிட்டு ஓடினர். அக்காலத்தில் பள்ளியைத் தாங்கிய தூண் அக்ரிப்பினா வாகனோவா. அவர் தந்தை நாடகசாலையில் வாயிற்பணியாளர். 1897-இல் தேறி, 18 ஆண்டுகள் காத்திருந்து, 1915-இற்றான் தலைமை நடனமாது என்னும் நிலையை எய்தினார், மறுவருடமே ஓய்வு. அந்நெடிய காத்திருப்பில் அவர் வீணே நிற்கவில்லை. யொஹான்ஸனின் பாடத்தையும், செக்கெத்தியிடம் பயின்ற தம் தோழியர் அடைந்த முன்னேற்றத்தையும் ஒப்பிட்டு, எந்த அசைவு எதனால் வலுப்பெறுகிறது என்று தம் உடலையே சோதனைச்சாலையாக்கி ஆராய்ந்தார். 1921-இல் பழைய பள்ளிக்கே ஆசிரியராய்த் திரும்பினார். ஸெம்யோனோவா 1925-இலும், உலானோவா 1928-இலும் அவர் கையிலிருந்து வெளிப்போந்தனர். அதுகாறும் ஆசான் வாயிலிருந்து மாணாக்கர் காலுக்கு மட்டுமே சென்றுகொண்டிருந்த வித்தையை, 1934-இல் எவரும் கற்கத்தக்க நூலாக எழுதி வெளியிட்டார். வித்தையைப் பூட்டிவைத்துப் பெருமை கொண்டாடும் நாட்டாருக்கு இச்செயலின் அருமை எளிதில் விளங்காது. அவர் 1951-இல் மறைந்தார். 1957-இற் பள்ளிக்கு அவர் பெயர் இடப்பட்டது.

இடையில் யுத்தம் வந்தது. 1941-இல், ஜெர்மானியப் படை நகரை நெருங்கவே, பள்ளி கிழக்கே யூரல் மலைப்பக்கத்துப் பெர்ம் நகருக்குப் பெயர்ந்து, அங்கே வகுப்புகளை நடத்திற்று. முற்றுகை நீங்கியபின் பிள்ளைகள் ஊர் திரும்பினர். லெனின்கிராடிலிருந்து அரசாங்கத்தாரால் நாடுகடத்தப்பட்டுப் பெர்மில் தங்கியிருந்த எகத்தெரீனா ஹெய்தென்ரைக் என்னும் ஆசிரியை ஊர் திரும்ப இயலவில்லை. 1945-இல் அவர் அவ்வூர்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் புதிய பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.