தில்லி மண்ணில் பழங்கலங்கள்

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன முடியும் கொடியும் போரும் புகழுமேயாகும். தில்லி மாநகரின் பழமை பேசுவோரும் பிருதிவிராசன் முதலாக ஷாஜகான் ஈறாக அரசர் பெயர்களையே அடுக்கிக் கூறுவர். அவ்வரசர்க்கு அமுது படைத்த அடுக்களைகளும், கோட்டை நிழலில் வாழ்ந்த எளிய குடிகளின் மனைகளும் ஏடுகளில் இடம்பெறவில்லை. எனினும், ஏடு மறந்தவற்றை மண் காத்து வைத்துள்ளது.

தலைநகர் வாழ் தமிழன்பர்களுள் பழைய கோட்டையை அறியாதார் இலர். ஹுமாயூன் 1533-இல் அடிகோலிய தீன்பனா நகரின் கோட்டை அது; பின்னர் ஷேர்ஷாவும் அதன்கண் கட்டடங்கள் எழுப்பினான். அதன் மதில்களுக்குள் இந்தர்பத் என்னும் சிற்றூர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. 1947-இல் நாடு பிரிந்தபோது வீடிழந்த மக்கள் பல்லாயிரவர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். வருவோரும் போவோருமாகவே நெடுங்காலம் விளங்கிய அம்மேட்டினை, இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் பி. பி. லால் தலைமையில் 1954-55-இல் சோதனையாகவும், 1969 முதல் 1973 வரை விரிவாகவும் அகழ்ந்தனர். 2013-க்குப் பின்னரும் அங்கு அகழாய்வுகள் நடைபெற்றன. மோரியர் காலம் முதல் முகலாயர் காலம் வரை மக்கள் வாழ்ந்த மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்பட்டன.

இவ்வடுக்குகளின் காலத்தை உணர்த்துவதில் உடைந்த ஓடு பெருந்துணை புரிகின்றது. மரமும் துணியும் மக்கிப் போகும். செம்பும் வெண்கலமும் உருக்கப்பட்டு வேறு பொருளாகும். சுட்ட மண் உடையுமேயன்றி அழியாது. உடைந்தபின் அதனை விரும்பி எடுப்பாரும் இலர். கலத்தின் வடிவும் மெருகும் காலந்தோறும் மாறுவதால், ஓட்டினைக் கண்ட அளவிலேயே ஆய்வாளர் அடுக்கின் காலத்தை ஏறத்தாழ உய்த்துணர்வர்.

மோரியர் கால அடுக்கில் கிடைத்தது, வடநாட்டுக் கருமெருகுக் கலம். நன்கு வடித்த களிமண்ணால் மெல்லியதாக வனைந்து, கண்ணாடி போல் பளபளக்கச் சுடப்பட்டது அது. அக்கால மக்கள் அதனை அரும்பொருளாகப் போற்றினர் என்பதற்குச் சான்றும் உண்டு. பஞ்சாபின் ரோப்பரிலும் இராசத்தானத்தின் பைராட்டிலும் இத்தகைய கலங்கள் உடைந்தபின் செம்பினால் இணைக்கப்பெற்ற நிலையில் கிடைத்துள்ளன. எறிந்துவிட மனமின்றித் துளையிட்டுப் பிணைத்துப் பயன்கொண்ட அவ்வில்லத்தார் பெயரை நாம் அறியோம். அவர்தம் சிக்கனத்தைக் கண்ணாரக் காண்கிறோம். பாண்டி நாட்டுக் கொற்கை அகழாய்விலும் இக்கருமெருகு ஓடுகள் கிடைத்தன. மனிதர் செல்லும் வழியெல்லாம் கலங்களும் செல்லும் போலும்!

அதே காலத்து உறைகிணறுகளும் பழைய கோட்டையில் வெளிப்பட்டன. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அமைத்த கிணறுகள் அவை. வைகைக் கரையில் கீழடியிலும் உறைகிணறுகள் காணப்படுகின்றன. மேலடுக்கில், முகலாயர் காலக் குப்பையிலே சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடிக் குப்பிகளின் சிதைவுகளும் கிடைத்தன. சீன நாட்டுச் சூளையில் வெந்த கலம் யமுனைக் கரையில் உணவு தாங்கிற்று என்பதை அக்குப்பையே நமக்கு உரைக்கின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. ஓவியம் தீட்டிய சாம்பல்நிறக் கலத்தின் ஓடுகளும் அங்குக் கிடைத்தன. அவை மோரியர்க்கும் முற்பட்டவை. உண்ணும் தட்டமும் கிண்ணமுமே அவற்றுள் மிகுதி. அத்தினாபுரத்தில் கண்ட இத்தகு கலங்களைப் பாரதக் கதையோடு இணைத்தார் லால். எனவே, பழைய கோட்டையே இந்திரப்பிரத்தம் என்று பலரும் முடிவு கட்டினர். ஆனால் 1954-55 முதல் நடந்த அவ்வகழாய்வுகளில் இவ்வோடுகள் தமக்கெனத் தனி அடுக்கின்றிப் பிற்கால மண்ணோடு கலந்தே கிடைத்தன. ஓடு தன்மேல் உண்டவன் பெயரைச் சொல்லாது. எவ்வாறு உண்டான் என்பதை மட்டுமே அது சொல்லும்.

தமிழகத்தில் சில ஓடுகள் பெயரையும் சொல்கின்றன என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. கீழடி, கொடுமணல் முதலிய ஊர்களில் கிடைத்த கலங்களில் ஆதன் முதலான மக்கட்பெயர்கள் தமிழிப் பொறிப்பாக விளங்குகின்றன. அரசாணை பொறித்த கல்வெட்டுப் போலன்றி, வீட்டுப் பானையில் எழுதிய எழுத்து அது. ஆயினும் நாமும் ஓட்டின்மேல் அது தாங்காத பெருமையை ஏற்றலாகாது. பிறர்க்கு உரைக்கும் அறம் நமக்கும் உரியதன்றோ?

கோட்டையினுள் அருங்காட்சியகம் உண்டு. நம் சிறார்க்கு மதிலையும் வாயிலையும் காட்டுவதோடு, அகழ்ந்தெடுத்த கலங்களையும் காட்டுதல் நன்று. "இஃது எவருடைய ஊர்?" என்று வினவும் பிள்ளைக்கு, இங்கு வந்து உலையேற்றி வாழ்ந்த அனைவர்க்கும் இதில் பங்குண்டு என்று அக்கலங்களைச் சுட்டியே விடை கூறலாம்.

இறுதியாக ஒன்று. ஊரினின்று நாம் கொணர்ந்த வெண்கலப் பானையும் ஈயச் செம்பும் பித்தளை அண்டாவும் மண்ணில் தங்கும் இயல்பின அல்ல. பழைய பாத்திரமென எடைக்குப் போட்ட அன்றே அவை உருகி மறையும். ஆதலின், எந்தப் பாத்திரம் எவ்வூரிலிருந்து, எவர் சீராக, எந்த ஆண்டில் வந்தது என்பதை வீட்டுப் பெரியோரைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. மண் செய்ய இயலாத பணியை நம் எழுதுகோல் செய்தல் வேண்டும்.