சிலந்தி இழுத்த கோடு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் மிடில்டன் என்ற ஊரில் வில்லியம் காஸ்கோயின் என்று ஓர் இளைஞர் இருந்தார். 1640-ஐ ஒட்டிய காலம். தொலைநோக்கி வைத்து வானத்தை அளப்பது அவருடைய ஆர்வம். ஒருமுறை கருவிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டிருந்தது. பிம்பம் விழுகிற இடத்திலேயே அந்த நூல் அமைந்துவிட்டதால், தூரத்துப் பொருளும் நூலும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்தன. வேறு யாராக இருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பார்கள். தூரத்தைக் காட்டும் கருவியால் ஒரு புள்ளியைக் குறிவைக்கவும் முடியும் என்பதைக் காஸ்கோயின் அந்த நூலில் கண்டார். 1644-இல் மார்ஸ்டன் மூர் போரில் அவர் இறந்துபோனார். அவர் கண்ட குறுக்கிழை வானியலாளர்களின் கருவிகளிலும், பிறகு நில அளவையாளர்களின் கருவிகளிலும் வாழ்ந்தது.

குறுக்கிழை வைத்த தொலைநோக்கி துப்பாக்கிக்கு வந்துசேர இருநூறு ஆண்டுகள் ஆயின. வானியலாளர் கெப்ளர் 1611-இல் விளக்கிய இரட்டைக் குவிலென்ஸ் அமைப்பு பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டும். அதை நிமிர்த்த நடுவே இன்னொரு லென்ஸ் தொகுதி வேண்டும். லென்ஸ் கூடக் கூட வெளிச்சம் குறையும். போதாததற்கு, ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையில் எந்த லென்ஸும் இம்மியும் நகரக் கூடாது.

முதலில் துணிந்தவர்கள் நியூயார்க் மாநிலத்துக்காரர்கள். ஜான் சாப்மன் ஒரு சிவில் எஞ்சினியர். யூட்டிகா நகரத் துப்பாக்கி வினைஞர் மார்கன் ஜேம்ஸ் அவருடைய யோசனைப்படி, குழல் நீளத்துக்கு ஒரு தொலைநோக்கியைச் செய்து துப்பாக்கியின் மேல் ஏற்றினார். சாப்மன் தாம் எழுதிய நூலில் இதை விவரித்திருக்கிறார். 1855-இல் சிராக்யூஸ் நகரில் தொழில் தொடங்கிய வில்லியம் மால்கம், நிறப்பிசிறு இல்லாத லென்ஸ்களைப் பொருத்தினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடுபவர்களின் கையில் இந்த நீண்ட குழாய்கள் இருந்தன.

இன்று நாம் காணும் குட்டையான, உறுதியான துப்பாக்கித் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், உருவானது ஐரோப்பாவில். வியன்னாவில் கார்ல் காலெஸ் இரண்டு பழைய ஒளியியல் பட்டறைகளை இணைத்து 1898-இல் நிறுவனம் தொடங்கினார். ஜெர்மனியின் யேனாவில் மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருந்த கார்ல் ஸைஸ் நிறுவனத்துக்கு எர்ன்ஸ்ட் அபே கணிதத்தைத் தந்தார். 1884-இல் அங்கே கண்ணாடி ஆலை தொடங்கிய ஓட்டோ ஷாட் புதுவகைக் கண்ணாடிகளைத் தந்தார். கணக்கும் கண்ணாடியும் ஒரே ஊரில் சேர்ந்ததால்தான் யேனாவுக்கு ஒளியியலில் பெயர் வந்தது.

வெளிச்சச் சிக்கலும் அங்கேதான் தீர்ந்தது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 8 லென்ஸ் என்றால் 16 பரப்பு; கண்ணுக்கு வருவது பாதிதான். 1935-இல் ஸைஸின் இயற்பியலாளர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா லென்ஸின் மேல் மிக மெல்லிய பூச்சைப் படியவைத்து இந்த இழப்பை வெகுவாகக் குறைத்தார். ஜெர்மன் ராணுவம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. இன்றைய நல்ல பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே. அந்தி மங்கலில் ஒரு ஸ்கோப் காட்சியைத் தருவதும் இன்னொன்று கைவிடுவதும் பெரும்பாலும் இந்தப் பூச்சைப் பொறுத்தது.

அமெரிக்காவில் பில் வீவர் 1930-இல் கொண்டுவந்த 330 மாடல், ஸ்கோப்பைச் சாமானிய வேட்டைக்காரருக்கும் எட்டும் விலைக்கு இறக்கியது. மிச்சமிருந்த எதிரி ஈரம். ஓரிகன் மாநிலத்தின் லுபோல்ட் நிறுவனம் 1907-இல் நில அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியது. பின்னர் ஆற்று நீர்மட்டம் பதியும் கருவிகளும் செய்தது. அந்தக் குடும்பத்து மார்கஸ் லுபோல்ட் மான் வேட்டைக்குப் போனபோது ஸ்கோப்புக்குள் பனி படிந்து மான் தப்பியது. இதைவிட நல்லதை நானே செய்வேன் என்று திரும்பியவர், 1947-இல் பிளெயின்ஸ்மேன் என்ற ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். ஈரக்காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரஜனை அடைத்து மூடும் முறை அந்நிறுவனத்தின் கொடை. இன்று அது எங்கும் பொதுவழக்கு.

இன்று ஸ்கோப் பிறக்கும் ஊர்களைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஜெர்மனியின் வெட்ஸ்லர் மைக்ராஸ்கோப்புக்கும் கேமராவுக்கும் பேர்போன ஊர். 1957-இல் பிறந்த ஷ்மிட் அண்ட் பெண்டர் அதை அடுத்த பீபர்டாலில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி ஆப்டிக் அப்சாமில், செக் நாட்டின் மியோப்டா பிரெரோவில். ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் சுவா ஏரியைச் சுற்றிய ஊர்கள் பட்டு நூற்பில் வளர்ந்து, போர்க்காலத்துக்குப் பின் கடிகாரத்துக்கும் கேமராவுக்கும் மாறியவை. லைட் ஆப்டிகல் ஒர்க்ஸ் அங்கேதான். பல வெளிநாட்டு பிராண்டுகளின் உயர்தர ஸ்கோப்புகள் அங்கே உருவாகின்றன, ஆனால் குழாயின் மேல் அந்த ஆலையின் பெயர் இருக்காது. மார்ச் என்ற பெயரில் சொந்தமாகவே ஸ்கோப் செய்யும் டியோன் நிறுவனமும் அதே வட்டாரம். வேறொரு நுட்பத் தொழிலில் தலைமுறைகளாகக் கை பழகிய ஊரில்தான் நல்ல ஸ்கோப் பிறக்கிறது.

அதனால் பிராண்டின் பெயரை மட்டும் வைத்துத் தரம் சொல்வது சரிவராது. வார்டெக்ஸ் விஸ்கான்சினைச் சேர்ந்த நிறுவனம். அதன் கிராஸ்ஃபயர் வரிசை சீனாவிலும் ரேஸர் வரிசை பெரும்பாலும் ஜப்பானிலும் தயாராகின்றன. கொலராடோவின் பர்ரிஸ் தன் ஸ்கோப்புகளில் பலவற்றைப் பிலிப்பைன்ஸில் செய்விக்கிறது. பெயர் ஒன்று, பிறப்பிடம் வேறு, விலை வேறு.

நாட்டின் பெயரையும் முத்திரையாக்கிக்கொள்ள வேண்டாம். ஒரே ஆலையில் இரண்டு தரங்கள் உருவாகலாம். எந்தக் கண்ணாடி, எத்தனை அடுக்குப் பூச்சு, எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம், சோதனையில் எவற்றைக் கழித்துவிடுவது என்பதையெல்லாம் பணம் தந்து செய்விப்பவர் முடிவுசெய்கிறார். கழிப்பதற்கு மனமில்லாதவர் விலையைக் குறைத்துக்கொள்கிறார்.

ஒப்பிட விரும்புகிறவர் கண்ணாடியைப் பார்த்து மயங்குவதற்கு முன் குறியை நகர்த்தும் திருகைச் சோதிக்க வேண்டும். ஒரு கிளிக் 0.1 மில்லிரேடியன் என்றால் 100 மீட்டரில் குறி 1 சென்டிமீட்டர் நகர வேண்டும். 50 கிளிக் ஏற்றினால் 50 சென்டிமீட்டர். 50 கிளிக் இறக்கினால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். உள்ளே பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ் குழாயை ஒரு ஸ்பிரிங் தாங்கியிருக்கிறது. அது தளர்ந்தால் குறி திரும்பாது. பூச்சு எந்திரங்கள் பரவிவிட்ட இன்று மலிவு ஸ்கோப்பிலும் காட்சி ஓரளவு நன்றாகவே இருக்கிறது. அது தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில். நூறு உதைகளுக்குப் பிறகும் குறி நிற்கிறதா என்பதே விலைக்கான நியாயம்.

காஸ்கோயினின் காலத்தில் கண்ணும் பொறுமையும் உள்ள ஒருவர் தனியே குறுக்கிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. இன்று லென்ஸ் தேய்ப்பவர், பூச்சு போடுபவர், திருகு கடைபவர், கடைசியில் சோதித்துக் கழிப்பவர் என்று ஓர் ஊரே வேண்டியிருக்கிறது. ஸ்கோப் வாங்குகிறவர் பெட்டியில் உள்ள பெயரோடு அந்த ஊரையும் ஆலையையும் கேட்க வேண்டும். தரத்தை உண்டாக்குகிறவர்களுக்கு உரிய மதிப்பு அப்போதுதான் போய்ச்சேரும். வாங்குகிறவருக்கும் கொடுத்த காசுக்கு ஈடான பொருள் கிடைக்கும்.