பனடோலும் பிரிட்டோனும்: புத்தளம் கரையில் கூட்டு மருந்துகளின் கணக்கு

வாடைக்காற்று எழுந்துவிட்டால் கற்பிட்டி, பாலாவி, உடப்பு எங்கும் பாமசிகளில் கேட்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்: "நானா, பனடோல் ஒரு காட், பிரிட்டோன் நாலு தாங்க. இரவெல்லாம் மூக்கு ஒழுகுது." கேட்பவர் உப்பளத்தில் வேலை செய்பவராக இருக்கலாம், கரைவலை இழுப்பவராக இருக்கலாம், மரக்கறித் தோட்டக்காரராகவும் இருக்கலாம். கேட்கும் பொருள் மாறாது. வெள்ளைக் குளிசையில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல். சிறிய மஞ்சள் குளிசையில் 4 மில்லிகிராம் குளோர்பெனிரமின். முன்னது காய்ச்சலுக்கும் உடல்நோவுக்கும், பின்னது தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும். இரண்டும் கம்பனிகள் வைத்த பெயர்கள்தான். ஆனாலும் இலங்கைத் தமிழில் அவை எப்போதோ பொதுப்பெயர்களாகிவிட்டன. அரச ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பரசிற்றமோலும் வீட்டுக்கு வந்ததும் பனடோல்தான்.

அதே கண்ணாடி அலுமாரியில் இவ்விரண்டையும் ஒன்றாக அடைத்து, மூக்கடைப்பை நீக்கவென்று மூன்றாவது மருந்தொன்றையும் சேர்த்த கூட்டுக் குளிசைகளும் இருக்கின்றன. எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறது என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. புத்தளம் கரையோர மக்கள் பழக்கத்தால் செய்துவருகிற காரியம், அதாவது இரண்டு குளிசைகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி வாங்குவது, மருந்தியல் நோக்கில் அந்தக் கூட்டுக் குளிசையைவிடப் பாதுகாப்பானது என்பதே இக்கட்டுரையின் வாதம். படிக்காதவர் பழக்கம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

முதற்காரணம் நேரக்கணக்கு. பரசிற்றமோலின் வேலை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். குளோர்பெனிரமின் அப்படியல்ல; வளர்ந்தவர் உடலில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய இருபது மணித்தியாலம் பிடிக்கும். மூன்றாவதாகச் சேர்க்கப்படும் பீனைலெஃப்ரினோ விழுங்கியதும் குடற்சுவரிலேயே பெரும்பகுதி சிதைந்து, மிஞ்சியதும் விரைவில் அடங்கிவிடுகிறது. மூன்று கடிகாரங்களை ஒரே பெட்டிக்குள் பூட்டிவிட்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கச் சொல்வது போன்றது இந்தக் குளிசை. காய்ச்சல் விட்ட பிறகும் மூக்கொழுகலுக்காகப் பரசிற்றமோல் உள்ளே போகிறது. மூக்கு உலர்ந்த பிறகும் உடல்நோவுக்காகத் தூக்கம் தரும் குளோர்பெனிரமின் போகிறது.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அடுத்த சிக்கல் தெரியும். முன்பக்கத்தில் விற்பனைப் பெயர் விரலளவு எழுத்தில். பின்பக்கத்தில், வெள்ளி நிறத் தகட்டில், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் புலப்படும் ஆங்கிலத்தில் உட்பொருள்கள். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அது இல்லாததற்குச் சமம். அவர் தடிமன் குளிசையை இரண்டு வீதம் மூன்று வேளை எடுக்கிறார். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல், ஆக 3 கிராம். காய்ச்சல் குறையவில்லையே என்று பனடோலும் இரண்டு வீதம் மூன்று வேளை. இன்னொரு 3 கிராம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 4 கிராம். அவர் தன் கணக்கில் தவறே செய்யவில்லை. தடிமனுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்றுதான் எடுத்தார். ஈரல் அந்தப் பிரிவினையை அறியாது. மெலிந்தவர், சாப்பிடாமல் கிடப்பவர், நாளும் மது அருந்துபவர் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் குறைந்த அளவிலேயே தொடங்குகிறது.

டெங்குப் பருவத்தில் இந்தக் கணக்கு வேறொரு கனம் பெறுகிறது. 2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் தொகை 186,000ஐத் தொட்டது. மழைக்குப் பிந்திய மாதங்களில் வரும் காய்ச்சலைத் தடிமன் காய்ச்சல் என்று நினைத்து இரண்டு நாள் வீட்டில் வைத்திருப்பது இங்கே சாதாரணம். டெங்குவில் ஈரல் ஏற்கெனவே பாதிக்கப்படக்கூடியது. அதன்மேல் இரட்டிப்புப் பரசிற்றமோல். இதைவிட மோசம், சில கூட்டுக் குளிசைகளில் பரசிற்றமோலுக்குப் பதிலாகவோ அதனோடோ இபுபுரோபன் போன்ற வலிநிவாரணி இருப்பது. இரத்தப்போக்கைத் தூண்டக்கூடிய அந்த வகையை டெங்குக் காய்ச்சலில் தொடவே கூடாது என்பது இலங்கை வைத்தியர்கள் ஓயாமல் சொல்லிவரும் எச்சரிக்கை. பனடோல் என்று பெயர் சொல்லி வாங்கியவர் இந்தப் பொறியில் விழுவதில்லை.

பீனைலெஃப்ரின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. முன்பு பல தடிமன் மருந்துகளில் இருந்தது பீனைல்புரொப்பனொலமின். அது மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதை அடுத்து, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை விலக்கும் நடவடிக்கை தொடங்கியது. இந்தியா 2011இல் தடைசெய்தது. சூடோஎபெட்ரின் போதைப்பொருள் தயாரிப்புக்குப் போகிறது என்று பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. காலியான இடத்துக்குப் பீனைலெஃப்ரின் வந்து அமர்ந்தது. 2023 செப்டெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, வாயால் விழுங்கும் பீனைலெஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில் பயனற்றது என்று ஒருமனதாக முடிவுசெய்தது. 2024 நவம்பரில் அதை மருந்துச்சீட்டின்றி விற்கும் மருந்துகளிலிருந்து நீக்கும் முன்மொழிவும் வந்தது. பயன் இல்லாவிட்டாலும், உயர் இரத்த அழுத்தக்காரர் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் அது இருக்கிறது. கூட்டுக் குளிசையின் மூன்றில் ஒரு பங்குக்கு மக்கள் காசு கொடுப்பது இதற்குத்தான்.

மஞ்சள் குளிசையும் குற்றமற்றதன்று. தடிமன் வைரசால் வருவது. அதில் ஹிஸ்டமினின் பங்கு சிறிது. எனவே குளோர்பெனிரமின் முதல் ஓரிரு நாளில் தரும் சுகமும் சிறிதே. பீனிசத்துக்கு, அதாவது தூசாலும் பூஞ்சணத்தாலும் ஆண்டு முழுதும் தும்மவைக்கும் ஒவ்வாமைக்கு, ஹிஸ்டமினே முக்கிய காரணம். பாலாவியின் சீமெந்துத் தூசு, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பல் என்று முறைப்பாடுகள் நீளும் இந்தக் கரையில் பீனிசக்காரர் குறைவில்லை. அவர்களுக்கு உதவக்கூடியது நாள்தோறும் எடுத்தாலும் அதிகம் தூக்கம் தராத லொரட்டடினோ பெக்சோபெனடினோ, அல்லது மூக்கில் அடிக்கும் ஸ்டீரொய்ட் மருந்தோதான். மாதக்கணக்கில் தடிமன் குளிசை விழுங்குவது அவர்களுக்குத் தேவையில்லாத பரசிற்றமோலையும் சேர்த்து ஊட்டுகிறது.

தூக்கம் என்பதை இங்கே அலட்சியமாகச் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் ஐயோவா பல்கலைக்கழகத்தினர் ஓட்டுநர்களை ஒரு செயற்கை ஓட்டுக்கருவியில் இருத்திச் சோதித்தார்கள். குளோர்பெனிரமினின் அதே பழைய தலைமுறையைச் சேர்ந்த டைபென்ஹைட்ரமின் எடுத்தவர்கள் மது அருந்தியவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். தூக்கம் வருகிறதா என்று அவர்களையே கேட்டபோது கிடைத்த பதில்களுக்கும் ஓட்டத்தின் தரத்துக்கும் பெரிய தொடர்பு இருக்கவில்லை. "எனக்குப் பிரிட்டோன் தூக்கம் தராது" என்று சொல்கிறவரின் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இது போதும். இரவில் வள்ளம் எடுத்து விடியலில் திரும்புபவர், மீன் பெட்டிகளோடு கொழும்பு வீதியில் லொறி ஓட்டுபவர் இருவரும் அந்தச் சாட்சியத்தை நம்பித்தான் கிளம்புகிறார்கள். கற்பிட்டிக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி முழுகுபவர் நிலை இன்னும் சிக்கல். மூக்கடைப்பு நீக்கியை எடுத்து இறங்கியவருக்கு ஆழத்தில் அதன் வேகம் தீர்ந்தால், மேலேறும்போது காதிலும் நெற்றியறைகளிலும் விரியும் காற்றுக்கு வழி இருக்காது. செவிப்பறை கிழியலாம். தடிமனோடு முழுகாதே என்ற பழைய முழுகாளிகளின் சொல்லை எந்தக் குளிசையும் பொய்யாக்கவில்லை.

கூட்டு மருந்துகளுக்குச் சார்பாகச் சொல்லப்படுவதையும் கேட்க வேண்டும். ஒரு குளிசை என்றால் மறக்காது, விலையும் சில வேளை குறைவு. இந்த வாதம் சில நோய்களுக்கு முழுக்கப் பொருந்தும். காசநோய் அதற்குச் சிறந்த சான்று. ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் நான்கையும் ஒரே குளிசையில் தருவதற்குக் காரணம், ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தால் கிருமி எதிர்ப்புப் பெற்றுவிடும் என்பது. நான்கும் ஒன்றாகப் போயாக வேண்டும். நாளும் போயாக வேண்டும். தடிமனில் அப்படி எந்த நிர்ப்பந்தமும் இல்லை. சேர்க்கையை நோய் கேட்கிறதா, சந்தை கேட்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

இலங்கையில் இந்தக் கேள்வியை முறையாக எழுப்பியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு அவர் அளித்த அறிக்கையின் வழியில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. இறக்குமதியாகிக்கொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை சுமார் 600 ஆகச் சுருக்கினார்கள். விற்பனைப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயரால் வாங்கவும் வழங்கவும் தொடங்கினார்கள். தேவையற்ற கூட்டுக்களை விலக்குவது அந்தச் சிந்தனையின் ஒரு பகுதி. கம்பனிகள் எதிர்த்தன, வைத்தியர்களிலும் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்ததோடு தனியார்துறை பழைய பாதைக்குத் திரும்பியது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் இறந்தார். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். பிபிலே கேட்ட பொதுப்பெயர்கள் கரையோர மக்கள் நாவில் ஏறவில்லை; பனடோலும் பிரிட்டோனுமே ஏறின. ஆனால் ஒரு பெயருக்கு ஒரு மருந்து என்ற அவருடைய நோக்கம் அந்தப் பெயர்களிலேயே நிறைவேறியது. இப்போது அதுவும் கரைகிறது. பனடோல் எக்ஸ்ட்ராவில் கஃபீன் இருக்கிறது. ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு உள்ளடக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன.

எதிர்க்கரையான இந்தியாவில் கூட்டு மருந்துகள் மீதான கட்டுப்பாடு இன்னும் தளர்வு. 2016 மார்ச்சில் இந்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. நீதிமன்றங்களைச் சுற்றி வந்து 2018இல் 328 ஆக அது நிலைபெற்றது. 2023 டிசம்பரில் குளோர்பெனிரமினும் பீனைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாது என்று போத்தலில் அச்சிடச் சொன்னார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கோல்ட்ரிஃப் பாணி மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பரசிற்றமோல், குளோர்பெனிரமின், பீனைலெஃப்ரின் சேர்ந்த அதே கூட்டு. தமிழ்நாட்டு ஆய்வுகூடம் அதில் 48.6 வீதம் டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற நச்சுக் கரைப்பானைக் கண்டது. அனுமதிக்கப்படும் எல்லை 0.1 வீதம். கொன்றது அந்த நச்சு. இருந்தும், இறந்தவர்களில் பலர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். அவ்வயதில் அந்தக் கூட்டுக்குத் தேவையே இருக்கவில்லை. நச்சுப் பாணி ஏற்றுமதியாகவில்லை என்று இந்தியா உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தது. ஆனாலும் இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாகப் படகில் வரும், போதைக்கு விழுங்கப்படும் பிரகாபலின் குளிசைகளைக் கற்பிட்டிக் கடலில் கடற்படை திரும்பத் திரும்பப் பிடிக்கும் இடம் இது.

மருந்தின் பெயரைப் போலவே ஒவ்வாமை என்ற நோயின் பெயரும் சில வேளை ஏமாற்றும். சூரை மீன் சாப்பிட்ட அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை வெடித்து, உடம்பு அரித்தால், "மீன் ஒத்துக்கொள்ளல" என்று பிரிட்டோன் போடுவார்கள். அது ஒவ்வாமையாக இல்லாமலும் இருக்கலாம். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரையின் தசையில் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கறியாக்கினாலும் கருவாடாக்கினாலும் அது அழியாது. மீனில் வந்த ஹிஸ்டமினுக்கு எதிராகவே பிரிட்டோன் வேலை செய்கிறது. அவருக்கு இனி மீனே ஆகாது என்று வீட்டார் முடிவுகட்டுவதுதான் தவறு. 1977இல் மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. உரகொடவும் மருந்தியலாளர் எஸ். ஆர். கொத்தேகொடவும் இதைவிட நுட்பமான ஒன்றை எழுதினார்கள். ஐசோனியாசிட் எடுக்கும் இலங்கைக் காசநோயாளர் சிலருக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவு ஹிஸ்டமின் உள்ள மீனே இதே கோளாற்றைத் தந்தது. ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அம்மருந்து தடுக்கிறது என்பதே விளக்கம்.

இப்போது அத்தகைய காசநோயாளி ஒருவர் புத்தளத்தில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போய், மீன் சாப்பிட்டு உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். தான் விழுங்கும் நான்கு மருந்துக் குளிசையில் ஐசோனியாசிட் இருப்பது அவருக்குத் தெரியாது. மார்பு நோய்க்கு மருந்து எடுக்கிறேன் என்று சொல்லவும் கூச்சம். கையில் கிடைப்பது சின்னக் கடதாசி உறை. அதில் காலை 1, பகல் 1, இரவு 1 என்று பேனையால் எழுதியிருக்கும். உள்ளே மஞ்சள் குளிசை ஆறு, வெள்ளை ஆறு. மருந்தின் பெயர் எழுத அந்த உறையில் கோடு போட்ட இடமே இல்லை.