கணிப்பொறியின் நாட்குறிப்பு

முற்காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். நாளடைவில் புத்தகத்துக்கும் அதுவே பெயராயிற்று. கணிப்பொறி தனக்கு நேர்வனவற்றை எழுதிவைக்கும் குறிப்பையும் இன்று ‘லாக்’ என்றே சொல்கிறோம். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. கப்பல் மூழ்கினால் புத்தகமும் மூழ்கிவிடும். கணிப்பொறிக்கும் இதே கதிதான்!

இதன் ஆபத்தை 1986இல் நடந்த ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் கணிப்பொறி உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்னும் வானியலாளர் துருவிப் பார்த்தார். அயலான் ஒருவன் திருட்டுத்தனமாக நுழைந்திருந்தான்! கணிப்பொறியை வசப்படுத்தியவன் அதிலுள்ள குறிப்பையும் அழித்துவிடலாம் அல்லவா? எனவே ஸ்டோல், வெளியிலிருந்து வரும் தடங்களில் அச்சுப்பொறிகளை இணைத்தார். அவன் தட்டியவையெல்லாம் காகிதத்தில் பதிந்தன. அவன் வந்ததும் தம் பேஜர் ஒலிக்கவும் ஏற்பாடு செய்தார். முடிவில், மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்த மார்க்குஸ் ஹெஸ் பிடிபட்டார்.

குறிப்பு வெளியே இருக்கவேண்டும். அபாயச் செய்தி உடனே வரவேண்டும். இவையே நாம் கற்கும் பாடங்கள்.

இப்பணிக்கு இன்று பெரிதும் பயன்படும் ‘சிஸ்லாக்’ முறையும் பெர்க்லியில் பிறந்ததுதான். அங்குள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், 1980களில் ‘சென்ட்மெயில்’ என்னும் அஞ்சல் நிரலுக்குத் துணையாக இதை அமைத்தார். பிறகு ரூட்டர், ஸ்விட்ச் முதலிய வலைக்கருவிகளும் இதை ஏற்றுக்கொண்டன.

இதில் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உண்டு. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 0 என்றால் கருவியே செயலற்ற நிலை, 4 எச்சரிக்கை, 7 பழுது தேடுவோருக்கான நுணுக்க விவரம். செய்தி எப்பகுதியிலிருந்து வந்தது என்பதற்கும் ஓர் எண் உண்டு. அதை எட்டால் பெருக்கிப் படியைக் கூட்டினால் வருவதே செய்தியின் தலைப்பு எண். பாதுகாப்புப் பகுதி 4, நெருக்கடிப் படி 2 என்றால், 4×8+2=34.

கருவிக்கு நீங்கள் சொல்லவேண்டியவை மூன்றே: செய்தியைப் பெறும் கணிப்பொறியின் முகவரி, எந்தப் படிவரை அனுப்புவது, சரியான நேரம். கடிகாரம் தவறினால் எது முன், எது பின் என்று கூற இயலாது. 7ஆம் படிவரை அனுப்பச் சொன்னாலோ, செய்தி வெள்ளத்தில் முக்கியமானது மறைந்துபோகும்.

பழைய சிஸ்லாக்கில் செய்தி, சாதாரண அஞ்சலட்டை போலச் செல்லும். சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது; வழியில் எவரும் படிக்கலாம். 1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. முறையின் ‘டிராப்’ என்னும் அபாயச் செய்தியும் ஒப்புகை கேட்காது. 1990களில் வந்த ‘இன்ஃபார்ம்’ என்பதே ஒப்புகை கேட்டது. சிஸ்லாக்கின் நடைமுறை 2001இல்தான் முறையாக எழுதப்பட்டது. 2009இல் திருத்திய தரத்துடன், செய்தியை மறைபொருளாக்கி அனுப்பும் வழியும் வந்தது.

எனவே வாசகர்களே, கருவியை அமைத்ததோடு நின்றுவிடாதீர்கள். ஓர் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். செய்தி வந்து சேர்ந்தால்தான் உங்கள் காவலாளி விழித்திருக்கிறான் என்று பொருள்.