மும்பையில் என்னவெல்லாம் பார்க்கலாம்? (கேட்வேயிலிருந்து பம்பாய்-17 வரை)

மே மாதமும் டிசம்பரும் வந்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஊரிலிருந்து போன் வந்துவிடும். "எய்யா, பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. அங்கன வரலாம்னு இருக்கோம். என்னல்லாம் பாக்கலாம்?" துபாய், சிங்கப்பூர், மும்பை என்று எங்கே இருந்தாலும் நம்ம ஆட்களுக்கு இந்த போன் வராமல் இருக்காது. சொந்த ஊரில் நெல்லையப்பர் கோயிலுக்கு வருஷம் ஒரு தடவைகூடப் போகாத நாம், பிழைக்க வந்த ஊரில் கைடு வேலை பார்க்கிறோம் :-)

நான் இருப்பது அம்பர்நாத். மும்பை என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, தானே மாவட்டம். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து லோக்கலில் சுமார் 60 கிலோமீட்டர். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் புனே தாண்டி, மலை இறங்கி, என் வீட்டு ஸ்டேஷனையும் தாண்டிப் போய்க் கல்யாணில் இறங்கி, லோக்கல் பிடித்துத் திரும்பி வர வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "வீட்டைத் தாண்டிப் போயிட்டுத் திரும்புறதுக்கு எதுக்குடா இவ்வளவு தூரம்?"

போன டிசம்பரில் பெரியப்பா வந்தார். வயது 83. கூட அவர் மகள் (எனக்கு அக்கா), அத்தான், இரண்டு பிள்ளைகள். நான் வங்கி அதிகாரி இல்லையா, மூன்று நாளுக்கும் எக்செல் ஷீட்டே போட்டுவிட்டேன். அந்தப் பட்டியலைத்தான் இங்கே தருகிறேன். கடைசி வரியை மட்டும் நான் போடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1. அம்பர்நாத் சிவன் கோயில்

எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில், வால்துனி ஆற்றங்கரையில் இருக்கிறது. கல்வெட்டில் சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060. தானேயைத் தலைநகராகக் கொண்ட சிலாஹார அரசர்கள் கட்டியது. சித்தராஜா ஆரம்பிக்க, அவருடைய தம்பி மும்முனி முடித்தார் என்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. அதற்கு அடுத்த 50 வருடத்தில் இங்கே இது. நம் கோயிலில் விமானம் வானத்தைத் தொடும். இங்கே கருவறைக்கு சுமார் 20 படி கீழே இறங்க வேண்டும். மேலே சிகரம் முழுமையாக இல்லை, கருவறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். சுவர் முழுக்கச் சிற்பம்.

பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. படி இறங்காமல் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டார். "நான் இருந்த காலத்துல இப்படி ஒரு கோயில் இருக்குன்னே தெரியாதுய்யா" என்றார்.

ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன். பெரியப்பா 1961-லிருந்து 1972 வரை பம்பாயில் வேலை பார்த்தவர். மாட்டுங்காவில் ஒரு கம்பெனி என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

2. சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன்

பழைய விக்டோரியா டெர்மினஸ். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது, 1878-ல் ஆரம்பித்துப் பத்து வருடம் கட்டினார்கள். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதற்குப் பக்கத்தில் இருந்த போரி பந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16-ல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தானேக்குப் போனது. நமக்கு அதைவிட முக்கியமான வருஷம் 1871. அந்த வருஷம்தான் பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் மெட்ராஸிலிருந்து போன தண்டவாளமும் ராய்ச்சூரில் கைகுலுக்கின. நாம் எல்லாம் இங்கே வந்து சேர்ந்ததற்கு அந்தக் கைகுலுக்கல் ஒரு பெரிய காரணம்.

3. கேட்வே ஆஃப் இந்தியா, தாஜ் ஹோட்டல்

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணியும் 1911 டிசம்பரில் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது. மன்னர் வந்தபோது இது இல்லவே இல்லை, அட்டையில் செய்த மாடல்தான் இருந்தது! அடிக்கல் 1913, திறப்பு 1924. ஜார்ஜ் விட்டெட் என்பவர் வரைந்தது. கட்டி 24 வருடம் ஆவதற்குள், 1948 பிப்ரவரி 28 அன்று, கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இதே வளைவு வழியாகத்தான் கப்பல் ஏறிப் போனது. வரவேற்கக் கட்டியது வழியனுப்ப உதவியது. பக்கத்தில் உள்ள தாஜ் ஹோட்டல் கேட்வேக்கு மூத்தது, 1903-ல் திறந்தது. 2008 நவம்பர் 26 தாக்குதலை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது.

4. எலிஃபண்டா குகைகள்

கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம். திங்கட்கிழமை லீவு, ஏமாந்துவிடாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் நடந்த படகு விபத்து நினைவிருக்கும். சுமார் 20 அடி உயரத்துக்கு மூன்று முகச் சிலை இருக்கிறது. பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று பலர் சொல்வார்கள். மூன்றும் சிவன்தான், சதாசிவ வடிவம்.

பெரியப்பாவும் நானும் படகு ஏறவில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கேட்வே எதிரில் உட்கார்ந்தோம். "பதினோரு வருஷம் இந்த ஊர்ல இருந்தேம்லா... இன்னைக்குத்தான் இதைப் பாக்கேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் பாப்பேன். அப்பத்தான உங்கப்பனுக்கு மணியார்டர் அனுப்ப முடியும்."

என் அப்பா படித்தது அந்த மணியார்டரில். அப்பா படித்ததால் நான் பாளையங்கோட்டையில் பி.காம். முடித்தேன். 2004-ல் வங்கி வேலையாக இங்கே வந்தேன்.

சாயங்காலம் மரைன் டிரைவ். அந்த வளைவில் உள்ள ஆர்ட் டெகோ கட்டிடங்களும், ஓவல் மைதானத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கோதிக் கட்டிடங்களும் சேர்ந்து 2018-ல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போயின. பிள்ளைகள் செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள்.

5. மாட்டுங்கா

இரண்டாம் நாள். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்து, தாதர், மாட்டுங்கா பக்கமெல்லாம் அகலமான தெருவும் தோட்டமுமாகப் புதுக் குடியிருப்பு போட்டார்கள். ஆங்கிலமும் டைப்பிங்கும் கணக்கும் தெரிந்த தென்னிந்தியர்கள் ஆபீஸ் வேலைக்கு வந்து இங்கே குடியேறினார்கள். ஆஸ்திக சமாஜம் கோயில், 1932-ல் தொடங்கிய சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி, 1940-களின் கஃபே மெட்ராஸ், ராம நாயக்கின் உடுப்பி சாப்பாடு எல்லாம் இப்படி வந்தவைதான். பக்கத்தில் கிங்ஸ் சர்க்கிளில் சண்முகானந்தா ஹால். 1963-ல் திறந்தது, 1990-ல் தீப்பிடித்தது, 1998-ல் மறுபடி திறந்தார்கள். செம்பூர் பக்கம் போனால் செட்டா நகர் முருகன் கோயிலையும் விடாதீர்கள்.

இலை போட்டுச் சாப்பிட்டு வெளியே வந்ததும் அக்கா உற்சாகமாகக் கேட்டாள்: "அப்பா, நீங்க இருந்த வீடு எந்தத் தெரு?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. பூக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு விடை தெரியும். 2011-ல் ஆச்சி இறந்தபோது டிரங்குப் பெட்டியில் பெரியப்பா எழுதிய இன்லண்ட் லெட்டர்கள் கிடைத்தன. அனுப்புநர் முகவரியில் "மாட்டுங்கா, பம்பாய்-17" என்று இருந்தது. ஊரில் யாருக்கும் அந்த எண்ணில் ஒன்றும் தெரிந்திருக்காது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. பம்பாயில் பழைய மண்டல எண்ணே அதன் கடைசி இரண்டு இலக்கமாக ஆனது. மாட்டுங்கா என்றால் 19, அதாவது 400019. பதினேழு என்றால் 400017. தாராவி. எத்தனையோ லோன் விண்ணப்பம் பார்த்த கண், சட்டென்று தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் லெட்டரை மடித்து வைத்துவிட்டேன்.

6. தாராவி

டாக்ஸியில் ஏறியதும் பெரியப்பாவே டிரைவரிடம் இந்தியில் சொன்னார், "தாராவி சலோ." ஐம்பது வருஷம் பேசாத இந்தி. அக்கா என்னைப் பார்த்தாள்.

தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். மித்தி ஆற்றோரம் ஒரு கருப்புக் கோட்டை இன்றும் நிற்கிறது, கவர்னர் ஜான் ஹார்ன் காலத்தில் 1737-ல் கட்டியதாகக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் வந்தது தோலுக்காக. பாந்திராவில் ஆட்டுத்தொட்டி இருந்தது, பக்கத்தில் சதுப்பு நிலமும் தண்ணீரும் இருந்தன. தமிழ் முஸ்லிம்கள் டேனரி வைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். 1887-ல் கட்டிய பெரிய மசூதியும், 1913-ல் ஆதி திராவிட மகாஜன சங்கத்தார் எழுப்பிய பிள்ளையார் கோயிலும் அந்தக் காலத்து அடையாளங்கள். 1971-ல் ஆட்டுத்தொட்டி தேவ்னாருக்குப் போனது. பின்னால் டேனரிகளும் ஒவ்வொன்றாக மூடின. தைக்கிற வேலை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பெல்ட், பர்ஸ், பை எல்லாம் இன்றும் கிடைக்கும்.

வருகிறவர்கள் "நாயகன்ல வர்ற இடத்தைக் காட்டுங்க" என்பார்கள். 1987-ல் வந்த அந்தப் படத்தின் தாராவி பெரும்பாலும் சென்னையில் தோட்டா தரணி போட்ட செட். நிஜத்தில் தொண்ணூறடி ரோட்டில் நின்றால் தெரிவது காமராஜர் பெயரில் பள்ளிக்கூடம், தமிழ்ப் போர்டு போட்ட கடை, காலையில் இட்லி ஏற்றிப் போகும் சைக்கிள்.

பெரியப்பா வேலை பார்த்த டேனரி இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டிடம். சந்து ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் பிள்ளையார் கோயிலைக் கண்டுபிடித்து வாசலில் உட்கார்ந்தார். அக்காவிடம்தான் சொன்னார்.

"தோல் ஊறப்போடுற தொட்டியில நின்னேம்மா. எத்தனை சோப்பு போட்டாலும் வாடை போவாது. லெட்டர்ல அதை எழுதுனா உங்க ஆச்சி அழுவா. பொண்ணும் குடுக்க மாட்டாவ. மாட்டுங்கான்னு எழுதிட்டேன். லேபர் கேம்ப்ல குடியிருந்தேன், அதுக்குப் பேரு மாட்டுங்கா லேபர் கேம்ப்தான். முழுப் பொய்யின்னு சொல்ல முடியாது பாத்துக்கோ."

அக்கா ஒன்றும் பேசவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் ஒன்று சொல்ல இருந்தது, அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெல்ட் தைக்கும் ஒருவர் மெஷின் வாங்க லோன் கேட்டு வந்தார். பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. பின்கோடு 17. "இந்த ஏரியா வேண்டாம்" என்று மேலே இருந்தவர் பென்சிலால் எழுதினார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திருப்பி அனுப்பிய கடிதத்தில் என் கையெழுத்துதான். அவர் தமிழில் கேட்டார், "சார், நமக்கு எந்த ஊரு?" நான் இந்தியில் பதில் சொன்னேன். அவர் பெயர் மறந்துவிட்டது. அந்த நம்பர் மறக்கவில்லை. பெரியப்பா மறைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்?

இந்தத் தாராவி எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2004-ல் அரசு மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. டெண்டர் மேல் டெண்டர் போய், 2022-ல் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு உள்ளேயே வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே. நல்ல வீடு யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் வீட்டுக்குள்ளேயே தொழில் செய்கிறவர் தூரத்துக்குப் போனால் தொழில் கூடவே வருமா என்பதுதான் அங்கே எல்லோரும் கேட்கிற கேள்வி.

போவதாக இருந்தால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். ஒரு பெல்ட் வாங்குங்கள், இட்லி சாப்பிடுங்கள், தமிழில் பேசுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் ஊரைச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது பெரியப்பா ஒரு கடை போர்டுக்குக் கீழே போய் நின்றார். கடைசி வரியில் "தாராவி, மும்பை – 400017" என்று இருந்தது. "எய்யா, அந்த நம்பர் தெரியுத மாதிரி ஒரு போட்டோ எடு. ஊர்ல எல்லாருக்கும் அனுப்பு" என்றார்.

எடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். முதல் பதில் என் அப்பாவிடமிருந்து வந்தது: "அண்ணன் நின்ன இடத்தை நானும் பாக்கணும். மே மாசம் டிக்கெட் போடு."

எக்செல் ஷீட்டில் ஆறாவது வரியை முதல் வரியாக மாற்றிவிட்டேன். உங்கள் வீட்டிலும் டிரங்குப் பெட்டியில் பழைய லெட்டர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அனுப்புநர் முகவரியில் என்ன நம்பர் போட்டிருக்கிறது?